ஐஸ் மழையும் ஐந்து நாள் இருட்டும்: ஆஸ்டினில் பார்த்தது, ஊத்தங்கரையில் பட்டது

கேள்வி: 7 டிசம்பர் 2024, இரவு 9.40

"எங்க தெருவுக்கு இன்னைக்குச் சாயங்காலம்தான் கரண்ட் வந்துச்சு. ஃபெஞ்சல் புயல் மழை விட்டு அஞ்சு நாள் ஆச்சு. போன் செத்துப்போச்சு, மோட்டார் ஓடலை, குடிக்கத் தண்ணி இல்லை. இதே அமெரிக்காவா இருந்தா எவ்வளவு பனி கொட்டினாலும் ஒரு மணி நேரத்துல லைன் குடுத்திருப்பான். அங்க இருந்துட்டு வந்தவங்க யாராவது இல்லைன்னு சொல்லுங்க பார்ப்போம்."

7 டிசம்பர், இரவு 10.15

நான் சொல்கிறேன் தம்பி. 2023 பிப்ரவரியில் டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டினில், மகள் வீட்டில், இருபத்திரண்டு நாள் குழந்தையை வைத்துக்கொண்டு ஐந்து நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தோம். வெளியே மைனஸ் 2 டிகிரி. அரூர், ஊத்தங்கரை பக்கம் 31 வருஷம் கரண்ட் லைனில் வேலை பார்த்து ஃபோர்மேனாக ஓய்வு பெற்றவன் நான். எங்கள் தெருவுக்கும் நேற்றுத்தான் வந்தது. இன்வெர்ட்டர் இப்போதுதான் சார்ஜ் ஏறுகிறது. காலையில் விவரமாக எழுதுகிறேன்.

8 டிசம்பர், காலை 6.30

மகளுக்குப் பிரசவம் என்று நானும் வீட்டுக்காரம்மாவும் போயிருந்தோம். பெட்டி நிறைய ராகி மாவு, கொள்ளு, பிரசவ மருந்துப் பொடி. பேரன் பிறந்து மூன்று வாரம்.

ஜனவரி 31, செவ்வாய்க்கிழமை. காலையிலிருந்து தூறிக்கொண்டே இருந்தது. நம்ம ஐப்பசித் தூறல் மாதிரிதான். காற்று இல்லை, இடி இல்லை. இதற்கா இத்தனை எச்சரிக்கை என்று நினைத்தேன். சாயங்காலம் கொல்லைப்புறக் கதவைத் திறந்து செடியில் ஒரு இலையைத் தொட்டால் விறைப்பாக இருக்கிறது. இலை முழுக்கக் கண்ணாடி உறை. நகத்தால் நெம்பினேன், ஐஸ் தனியாகக் கழன்று வந்தது. அந்த ஐஸ் துண்டின் உள்பக்கம் இலையின் நடு நரம்பும் கிளை நரம்பும் அப்படியே அச்சாகப் பதிந்திருந்தன. வீட்டுக்காரம்மாவுக்குக் காட்டலாம் என்று உள்ளே எடுத்துப்போனேன். சமையல்கட்டுக்குப் போவதற்குள் நரம்பெல்லாம் அழிந்து உள்ளங்கையில் தண்ணீர்தான் இருந்தது.

அப்புறம்தான் அண்ணாந்து பார்த்தேன். கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் சர்வீஸ் வயர் கட்டைவிரல் தடிமனுக்கு ஐஸ் ஏறி, தொய்ந்து, வேலிக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அதிலிருந்து சீப்புப் பல் மாதிரி வரிசையாக ஐஸ் தொங்கியது. மாப்பிள்ளையைக் கூப்பிட்டு, "இன்னைக்கு ராத்திரி லைன் நிக்காதுங்க, இருக்கிற போனையெல்லாம் சார்ஜ் போட்டுடுங்க" என்றேன்.

அங்கே லைவ் ஓக் என்று ஒரு மரம். நம்ம ரோட்டோரப் புளியமரம் மாதிரி விரிந்து படரும், சின்னச் சின்ன இலை, குளிர்காலத்திலும் இலை கொட்டாது. இலை உதிர்த்த மரமாக இருந்தால் குச்சியில் மட்டும்தான் ஐஸ் ஏறும். இதில் லட்சம் இலையிலும் ஏறியது. நடுராத்திரி தொடங்கி ஒடிய ஆரம்பித்தது. முதலில் வேட்டுப் போட்ட மாதிரி ஒரு படார். பின்னாலேயே ஓட்டுக்கூரை சரிவது போலச் சடசடவென்று ஐஸ் கொட்டும் சத்தம். ஒரு நிமிஷம் அமைதி. அடுத்த தெருவில் படார். இடையிடையே வானத்தில் பச்சையும் நீலமுமாக வெளிச்சம். அது மின்னல் இல்லை, வயர் உரசுவது என்று எனக்குத் தெரியும். வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. புதன்கிழமை விடியற்காலை நாலு மணிக்கு எங்களுக்கும் போனது.

அடுப்பு கரண்ட். ஹீட்டர் கரண்ட். வெந்நீர் கரண்ட். கார் ஷெட் கதவும் கரண்ட். நம்ம வீட்டில் கரண்ட் போனால் வெளிச்சமும் காற்றும்தான் போகும். அங்கே சோறும் சூடும் சேர்ந்து போய்விடும்.

அன்று எங்களைக் காப்பாற்றியது வீட்டுக்காரம்மாதான். "ஆளுக்கொரு ரூம் வேணாம், எல்லாரும் ஒரே ரூமுக்கு வாங்க" என்றாள். ஜன்னல் குறைவான, இருப்பதிலேயே சின்ன அறை. மெத்தைகளைத் தரையில் இழுத்துப் போட்டோம். கதவுக்கு அடியில் என் வேட்டியைச் சுருட்டி அடைத்தோம். ஜன்னலுக்குப் போர்வை. மகள் குழந்தையைச் சட்டை இல்லாமல் தன் மார்போடு அணைத்து, மேலே போர்வை சுற்றிக்கொண்டாள். ஹாலில் 7 டிகிரி காட்டியபோது அந்த அறையில் 13 டிகிரி இருந்தது. ஐந்து ஆள் மூச்சுச் சூடு, வேறு ஒன்றுமில்லை.

ஃபிரீசரில் இருந்த தாய்ப்பால் பைகளை வாளியில் போட்டு வெளியே ஐஸில் வைத்தோம். எதிர்வீட்டு மெக்சிகோ குடும்பம் ஒரு சின்ன கேஸ் அடுப்பு கொடுத்தார்கள். வீட்டுக்காரம்மா வெளித் திண்ணையில் குல்லா போட்டுக்கொண்டு நின்று ராகிக் கஞ்சி காய்ச்சினாள். அந்த வீட்டுக் கிழவருக்கும் ஒரு சொம்பு போனது.

ஐஸ் வியாழக்கிழமையே உருகிவிட்டது. வெயிலே அடித்தது. கரண்ட் வந்தது ஞாயிற்றுக்கிழமை. அங்கே வேலை மந்தம் என்றுதான் எனக்குப் பட்டது. நம்ம ஆட்களாக இருந்தால் இரண்டு நாளில் முடித்திருப்பார்கள்.

8 டிசம்பர், இரவு 8.50

பென்னாகரம் தம்பி கேட்டது: "இது ஆலங்கட்டி மழைதானே?"

இல்லை. ஆலங்கட்டி மேலேயே கட்டியாகி விழுகிறது. போச்சம்பள்ளி பக்கம் மாங்காய் சீசனில் விழுந்து பிஞ்சையெல்லாம் காயப்படுத்துமே, அது. ஸ்நோ என்பது பஞ்சு மாதிரி விழுகிறது, உதறினால் போய்விடும். இது தண்ணீராகவே விழுகிறது. உயரத்தில் ஒரு அடுக்கு வெதுவெதுப்பான காற்று, அதில் பனி உருகி மழைத்துளியாகிறது. தரையை ஒட்டி மெல்லிய அடுக்கு ஒன்று பூஜ்யத்துக்குக் கீழே. துளி அந்த அடுக்கைக் கடக்கும்போது உறைய நேரம் போதாது, குளிர்ந்த தண்ணீராகவே இறங்கி, எதைத் தொடுகிறதோ அதன் மேல் அந்த நொடியே உறைகிறது. இலை, வயர், படிக்கட்டு, கார் கைப்பிடி எல்லாவற்றின் மேலும். நான் உறைமழை என்று சொல்லிக்கொள்கிறேன். பனிப்புயல் என்றால் ஆட்கள் வெள்ளையாக எதையோ எதிர்பார்க்கிறார்கள், இது கண்ணுக்கே தெரியாது. ரோடு ஈரமாக இருப்பது போலத்தான் இருக்கும்.

9 டிசம்பர், காலை 5.50

தூக்கம் வரவில்லை. நேற்று எழுதாமல் விட்டது ஒன்று இருக்கிறது. எழுதாவிட்டால் மற்றதெல்லாம் எழுதிப் பயன் இல்லை.

புதன்கிழமை ராத்திரி ஏழு மணி. குழந்தையின் மூக்கு நுனி ஜில்லென்று இருந்தது. என்னால் தாங்க முடியவில்லை. மாப்பிள்ளை கொல்லைப்புறத்தில் கறி சுடும் கரி அடுப்பு ஒன்று வைத்திருந்தார். நம்ம ஊரில் மார்கழியில் கும்முட்டி அடுப்பைத் திண்ணையில் வைத்துக் குளிர் காய்ந்தவர்கள்தானே நாம். பிள்ளைக்குக் குளிக்க வார்த்தால் தணலில் சாம்பிராணி போட்டுக் காட்டுகிறோம். அந்த நினைப்பில் கரியைப் பற்ற வைத்து, புகை அடங்கித் தணலானதும், ஹாலுக்குள் தூக்கி வந்து வைத்தேன். அறைக் கதவைத் திறந்து வைத்தேன், சூடு உள்ளே போகட்டும் என்று. இதமாக இருந்தது. மகள் கண்ணை மூடிவிட்டாள்.

அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. கூரையில் இருந்த சின்ன வெள்ளைப் பெட்டி கத்த ஆரம்பித்தது. தீப்பிடித்துவிட்டது என்று நினைத்தேன். மாப்பிள்ளை எழுந்து ஓடிவந்து அடுப்பைப் பார்த்ததும் முகம் வெளுத்துப்போனார். ஒரு வார்த்தை பேசவில்லை. கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் திறந்துவிட்டு, மகளையும் குழந்தையையும் எழுப்பி, மைனஸ் 2 டிகிரியில் எல்லோரையும் வெளியே நிறுத்தினார். அதன் பிறகு அடுப்பைப் போர்வையால் பிடித்துத் தூக்கி ஐஸில் கவிழ்த்தார்.

கார்பன் மோனாக்சைடு. கரி எரியும்போது வரும் விஷ வாயு, அதைக் கண்டுதான் அந்தப் பெட்டி கத்தியது. நிறமில்லை, வாசனை இல்லை. நல்ல தணலில்தான், புகையே இல்லாதபோதுதான், நாம் பயப்பட மறந்துவிடுகிறோம். நம்ம ஓட்டு வீட்டில் சந்து பொந்தெல்லாம் காற்று. அந்த வீடுகள் குளிருக்காகவே அடைத்துக் கட்டியவை. கொடைக்கானலில் அறைக்குள் கரி அடுப்பை வைத்துத் தூங்கி எழாமல் போன பையன்களைப் பற்றிப் பேப்பரில் படித்தபோதெல்லாம் விவரம் தெரியாத பிள்ளைகள் என்று சொல்லியிருக்கிறேன். விவரம் தெரிந்த 61 வயது ஆள் அதையேதான் செய்தேன். அன்று அந்தப் பெட்டியில் பேட்டரி இல்லாமல் இருந்திருந்தால் என்று இன்றைக்கும் விடியற்காலையில் முழிப்பு வந்துவிடுகிறது.

கரி, எதிர்வீட்டார் கொடுத்த மாதிரி வெளியில் வைத்துச் சமைக்கும் கேஸ் அடுப்பு, ஜெனரேட்டர், ஓடும் கார், நான்கும் வீட்டுக்குள்ளும் மூடிய ஷெட்டுக்குள்ளும் கூடாது. போன் சார்ஜ் போட என்று காரை ஷெட்டுக்குள் ஓடவிடுவதும் அதே விஷம்தான்.

10 டிசம்பர், இரவு 9.20

மகள் இதைப் படித்துவிட்டு போன் செய்தாள். இரண்டு திருத்தம்.

ஒன்று, ஐந்து நாள் இல்லை. புதன் விடியற்காலை நாலு முதல் ஞாயிறு மதியம் வரை, நாலரை நாள்.

இரண்டு, தாய்ப்பாலை வெளியே வைக்கவில்லையாம். நான் வாளியை எடுத்துக்கொண்டு போனது உண்மை. அவள் தடுத்து, "வேணாம்பா, பகல்ல வெயில் வந்தா உருகிடும், நாய் நரி வேற வரும். ஃபிரீசர் நிறைஞ்சிருக்கு, திறக்காம இருந்தா ரெண்டு நாள் தாங்கும்" என்றாள். நிறைந்த ஃபிரீசர் கதவைத் திறக்காவிட்டால் 48 மணி நேரம் வரை தாங்கும், கீழ் ஃபிரிட்ஜ் 4 மணி நேரம்தான் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. வெள்ளிக்கிழமை காலை கரண்ட் வந்த ஒரு நண்பர் வீட்டு ஃபிரீசருக்கு மாற்றினார்கள். இரண்டு வருஷத்தில் என் ஞாபகம் வாளியை வெளியே கொண்டுபோய் வைத்தே விட்டது.

கரி அடுப்பு விஷயத்தைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. "எழுதினது நல்லதுதாம்பா" என்று மட்டும் சொன்னாள்.

12 டிசம்பர், மதியம் 2.10

"ஐஸ் எவ்வளவு கனம் இருந்துடும், வயரை அறுக்கிற அளவுக்கு?" என்று கேட்டிருக்கிறார் காவேரிப்பட்டணத்துக்காரர். எனக்குப் பிடித்த கேள்வி.

நம்ம 11 கே.வி. (11,000 வோல்ட்) லைனில் இழுக்கும் கம்பிக்கு ராபிட் கண்டக்டர் என்று பேர்; ஒரு சென்டிமீட்டர் விட்டம், கிலோமீட்டருக்கு 214 கிலோ. கம்பத்துக்குக் கம்பம் 50 மீட்டர் இடைவெளி (ஸ்பேன்) என்றால் அதற்கு 11 கிலோகூட வராது. அதைச் சுற்றி அரை அங்குலம் ஐஸ் படிகிறது என்று வையுங்கள். மீட்டருக்கு 800 கிராம் ஐஸ். அதே ஸ்பேனில் 40 கிலோ. தன் எடையைப் போல நாலு மடங்கு சுமை, ஒவ்வொரு கண்டக்டரிலும், கம்பத்துக்குக் கம்பம். அதற்கு மேல் மரக்கிளை வேறு வந்து உட்கார்ந்தால் கம்பத்தின் குறுக்குச் சட்டம் (கிராஸ் ஆர்ம்) என்ன செய்யும்? கனடாவில் கியூபெக் மாகாணத்தில் 1998 ஜனவரியில் நாலைந்து நாள் விட்டுவிட்டுப் பெய்த உறைமழையில் உயர் அழுத்த இரும்பு டவர்களே வரிசையாக மடிந்து விழுந்தன. சில ஊர்களுக்குக் கரண்ட் வர மூன்று வாரத்துக்கு மேல் ஆனது. தம்பி சொன்ன ஒரு மணி நேரத்தை அங்கே யாரும் கண்டதில்லை.

ஐஸ் உருகும்போது இன்னொரு ஆபத்து. கீழ்க் கண்டக்டரின் ஐஸ் சட்டென்று கழன்றால் சுமை விட்ட வேகத்தில் அது மேலே துள்ளும். மேல் கண்டக்டரைத் தொட்டால் ஷார்ட். வெயில் அடித்த வியாழக்கிழமைகூடப் புதிதாகச் சில தெருக்கள் இருண்டதைப் பார்த்தேன்.

12 டிசம்பர், இரவு 10.30

8-ம் தேதி "அங்கே வேலை மந்தம், நம்ம ஆட்களாக இருந்தால் இரண்டு நாள்" என்று எழுதினேன். அது தப்பு. வாபஸ் வாங்குகிறேன்.

சனிக்கிழமை எங்கள் தெருவுக்கு வண்டி வந்தது. வெளியூரிலிருந்து உதவிக்கு வந்த குழு. நான் ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு தள்ளி நின்று பார்த்தேன், அருகில் போகவில்லை. லைனில் நிற்பவனிடம் பேச்சுக் கொடுக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும். முதலில் மரம் வெட்டுபவர்கள் ஒரு மணி நேரம். பிறகு கூடை வண்டியில் ஒருவர் ஏறினார். டெஸ்ட் செய்தார், எர்த் போட்டார், அதற்குப் பிறகுதான் கை வைத்தார். ஒரு கம்பம், ஒரு டிரான்ஸ்ஃபார்மர், மூன்று மணி நேரம். முடிந்ததும் லைட் எரிந்தது எத்தனை வீட்டில் தெரியுமா? ஏழு. எங்கள் வீடு அதில் இல்லை, எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமைதான்.

நம்ம பக்கம் 100 கே.வி.ஏ. திறனுள்ள பெரிய டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று ஒரு தெருவையே, சில இடத்தில் ஒரு ஊரையே தாங்குகிறது. ஒரு இடத்தில் சரிசெய்தால் நூறு வீடு எரியும். அங்கே நாலைந்து வீட்டுக்கு ஒரு சின்ன டப்பா டிரான்ஸ்ஃபார்மர், கம்பத்திலேயே தொங்குகிறது. லைன் வீட்டுக் கொல்லைப்புறங்கள் வழியே மரத்துக்குள் புகுந்து போகிறது. ஊருக்கு வரும் பெரிய லைன் (மெயின் ஃபீடர்) எழுந்த பிறகும் ஆயிரம் சின்னச் சின்ன இடம் பாக்கி நிற்கும். ஆஸ்டினில் அந்த வாரம் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் இருண்டிருந்தன. அவர்கள் மந்தமாக வேலை செய்யவில்லை. எனக்குக் கணக்குத் தெரியவில்லை.

பக்கத்து வீட்டில் கிளை விழுந்து, சர்வீஸ் வயர் வந்து சேரும் சுவர்ப் பைப்பையே பிய்த்துக்கொண்டு போயிருந்தது. அந்தப் பைப் வீட்டுக்காரர் பொறுப்பு. அவர் தனியாக எலக்ட்ரீஷியன் பிடித்துச் சரிசெய்த பிறகுதான் இணைப்புக் கொடுப்பார்கள். தெரு முழுக்க எரிந்து அவர் வீடு மட்டும் மேலும் இரண்டு நாள் இருட்டில் கிடந்தது.

13 டிசம்பர், காலை 7.00

ஜெனரேட்டர் வாங்கலாமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள்.

வாங்குங்கள். வீட்டுக்கு வெளியே, ஜன்னலுக்குத் தள்ளி வையுங்கள். ஆனால் அதன் வயரை வீட்டு பிளக் பாயிண்டில் சொருகி வீடு முழுக்க எடுக்காதீர்கள். வெளி லைனைத் துண்டித்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் கொடுத்தால் அந்தக் கரண்ட் மெயின் வழியே திரும்பி, டிரான்ஸ்ஃபார்மரில் ஏறி, 11 கே.வி.யாக லைனுக்குப் போகும். என்னோடு வேலை பார்த்தவர் ஒருவர், லைனில் கரண்ட் நிறுத்தியாயிற்று என்ற உறுதியை (லைன் கிளியர்) வாங்கிக் கம்பம் ஏறினார். கீழே ஒரு இடத்தில் ஜெனரேட்டர் ஓடியது, ரிட்டர்ன் வந்தது. ஆள் பிழைத்தார், வலது கை முழங்கைக்குக் கீழே இல்லை. இன்றைக்கும் என் வீட்டுக்கு வந்தால் காபி டம்ளரை இடது கையில்தான் வாங்குவார்.

15 டிசம்பர், மாலை 6.40

நம்ம ஊர் கதைக்கு வருகிறேன். தம்பியின் கோபமும் நியாயம்தான்.

ஃபெஞ்சல் நவம்பர் 30 சனிக்கிழமை ராத்திரி புதுச்சேரி பக்கத்தில் கரை கடந்தது. கடலிலிருந்து இத்தனை தூரம் உள்ளே இருக்கிறோம், நமக்கென்ன என்று படுத்தோம். டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர். அரூரில் 33. ஏரி நிறைந்து வழிந்து, ரோட்டோரம் நிறுத்தியிருந்த வேனையும் காரையும் தண்ணீர் உருட்டிக்கொண்டு போனதை நாடே டிவியில் பார்த்தது. எங்கள் வீட்டில் முட்டிவரை தண்ணீர். இரண்டு மூட்டை ராகி போனது.

அங்கே ஐஸ், இங்கே தண்ணீர். லைன்காரனுக்கு இரண்டும் வேறு வேறு வேலை. அங்கே மரத்தை வெட்டி, அறுந்ததை இழுத்துக் கட்ட வேண்டும். இங்கே நின்ற கம்பம் அடிமண் கரைந்து சாய்கிறது, புதுக் கம்பம் நடக் குழி தோண்டினால் குழி தண்ணீரால் நிறைகிறது. வெளி மாவட்டத்துப் பையன்கள் வந்து இடுப்பளவு சேற்றில் கம்பத்தைத் தோளில் சுமந்தார்கள். எங்கள் தெருவில் வேலை செய்தவர்களுக்கு வீட்டுக்காரம்மா களியும் கொள்ளு ரசமும் கொடுத்தாள். களி உருண்டையைத் தட்டில் வாங்கி நின்றபடியே சாப்பிட்டார்கள், கால் முழுக்கச் சேறு, உட்கார வெட்கப்பட்டார்கள். ஐந்து நாள் என்பது கொடுமைதான். அந்த ஐந்து நாளும் அவர்களும் வீட்டுக்குப் போகவில்லை.

16 டிசம்பர், காலை 8.15

2021-ல் டெக்சாஸ் மாநிலமே இருண்டதே, அதுவும் ஐஸா என்று ஒருவர். அது வேறு. பிப்ரவரி 2021-ல் கடுங்குளிரில் மின் நிலையங்களும் எரிவாயுக் குழாய்களும் உறைந்து உற்பத்தியே விழுந்தது. 45 லட்சம் வீடுகளுக்கு மேல் இருண்டன. அரசுக் கணக்கில் 246 பேர் இறந்தார்கள். எதிர்வீட்டுக் கிழவர் அந்த வருஷம் வாங்கி வைத்த கேஸ் அடுப்புதான் 2023-ல் எங்களுக்குக் கஞ்சி காய்ச்சியது.

4 ஜனவரி 2025, இரவு 11.05

பாலக்கோட்டு அம்மா எழுதியிருக்கிறார். மகன் கென்டக்கி மாநிலத்தில் படிக்கிறான், நாளைக்கு ஐஸும் பனியும் வரும் என்று எச்சரிக்கை, பையன் தனியாக இருக்கிறான். அம்மா, இதை அப்படியே அவனுக்கு அனுப்புங்கள்.

இன்றைக்கே போன், பேட்டரி எல்லாம் சார்ஜ். பாத்திரங்களில் தண்ணீர் பிடித்து வைக்கட்டும். குழாயை நூல் மாதிரி சொட்ட விடட்டும், தண்ணீர் ஐஸானால் நூற்றுக்கு ஒன்பது பங்கு பருக்கும், பைப் வெடிக்கும். சிங்க்குக்குக் கீழே உள்ள அலமாரிக் கதவைத் திறந்து வைக்கட்டும், அறைச் சூடு பைப்பைத் தொடும். மெயின் வால்வு எங்கே என்று இன்றைக்கே பார்த்து வைக்கட்டும், வெடித்த பிறகு இருட்டில் தேட முடியாது.

படியில் கல் உப்பு தூவட்டும். நடந்தே ஆக வேண்டுமென்றால் ஈர வரப்பில் நடப்பது போல நடக்கச் சொல்லுங்கள். குட்டி அடி, முழுப் பாதமும் ஊன்றி, கை பாக்கெட்டில் இல்லாமல். பாலக்கோட்டுப் பிள்ளைக்கு வரப்பு தெரியும். வண்டி எடுக்க வேண்டாம். ரோடு நன்றாக இருந்தாலும் பாலம் முதலில் உறையும், அதற்கு அடியிலும் குளிர் காற்று போகிறதல்லவா. ஒடிந்த கிளைக்குக் கீழே நிற்க வேண்டாம். அறுந்து கிடக்கும் வயர் எதுவானாலும் கரண்ட் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளட்டும்.

முக்கியமாக ஒன்று. கூரையிலோ சுவரிலோ கார்பன் மோனாக்சைடு பெட்டி இருக்கிறதா, பட்டனை அழுத்தினால் கத்துகிறதா என்று இப்போதே பார்க்கச் சொல்லுங்கள். ஸ்மோக் அலாரம் வேறு, இது வேறு. இன்று ராத்திரியே கேளுங்கள்.

5 ஜனவரி, காலை 6.10

அம்மா, பதில் போடவில்லையே. பார்த்தானா?

5 ஜனவரி, காலை 9.30

பார்த்தானாம். பெட்டி இருக்கிறது, உள்ளே பேட்டரி இல்லை. டிவி ரிமோட்டில் இருந்த இரண்டைக் கழற்றிப் போட்டிருக்கிறான், கத்துகிறதாம். மேல் மாடியில் இருக்கும் ஆந்திரப் பையன்கள் இரண்டு பேரையும் தன் அறைக்கே வரச் சொல்லிவிட்டானாம், மெத்தையோடு.

7 ஜனவரி, இரவு 8.00

பையனுக்குக் கரண்ட் போகவில்லையாம். படியில் வழுக்கி விழுந்து முட்டியில் சிராய்ப்பு, அவ்வளவுதான். மூன்று பேரும் இன்னும் ஒரே அறையில்தான் இருக்கிறார்களாம். கல் உப்பு எங்கே கிடைக்கும் என்று கேட்கிறானாம். அம்மா, ஹார்டுவேர் கடையில் மூட்டையாகவே விற்பார்கள் என்று சொல்லுங்கள்.